காப்பாரில் ஒரு பழைய கார் பார்க்கப் போனோம்

கார் வாங்குவது என்று நாங்கள் முடிவு செய்தது ஒரு மழை நாளில். அப்போது கிள்ளானில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தாமான் குடியிருப்பில் வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு இரும்பு டிரம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. எண்ணெய் நிரப்பி அனுப்புகிற பெரிய டிரம்கள். தகட்டை அழுத்தி வளைக்கும் மிஷினில் அவர் நின்றார். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலையில் பஸ் பிடித்துப் போய், சாயங்காலம் பஸ் பிடித்து வருவேன்.

வீட்டில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள்தான். ஏழு வயதான பெரியவள் முன்னால் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மூன்று வயதான சின்னவள் எனக்கும் அவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு வருவாள். அன்றைக்குச் சின்னவளுக்குக் காய்ச்சல். கிளினிக்கிலிருந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிற்கும் கொட்டகையில் ஒதுங்கினோம். சாரல் அங்கேயும் விடவில்லை. பிள்ளையின் தலையில் என் முந்தானை, அதன் மேல் அவருடைய சட்டை. வெறும் பனியனோடு நனைந்துகொண்டு நின்றவர், "கார் ஒண்ணு வாங்கிடுவோம்" என்றார்.

புதுக் கார் எங்களால் நினைத்துப் பார்க்க முடியாது. ஒரு மாதம் கழித்து அவருடன் வேலை செய்பவர் ஒருவர் தகவல் சொன்னார். பக்கத்து ஊரான காப்பாரில், எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் காரை விற்கிறாராம். பன்னிரண்டு வயதான ஜப்பான் கார். நாலு கதவு. சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை, நடுவாந்திரம். முதலிலிருந்து அவர் ஒருவர் கையில்தான் இருந்திருக்கிறது.

இங்கே என் வீட்டுக்காரரின் காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கல்யாணமான புதிதில், சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். வெளியே ஒரு லோரி போகும். "மூணாவது வீட்டு லோரிக்கு பெல்ட் போகப்போகுது" என்பார். அந்த வாரத்திலேயே போய்விடும். அப்போதெல்லாம் தாமானில் யார் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் முதலில் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் கொண்டுவருவார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, "வாங்கலாம்" அல்லது "வேண்டாம் லா." அவ்வளவுதான்.

அதனால் காப்பாருக்கு நான் போனது காரைப் பார்க்க இல்லை. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளும் படுத்துத் தூங்க இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து எங்கேயும் போய் ரொம்ப நாளாகியிருந்தது.

அதற்கு முந்திய இரண்டு வருஷமாகவே எங்களுக்குள் பேச்சு குறைந்துகொண்டு வந்தது. முன்பெல்லாம் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து நான் அலுவலகக் கதை முழுக்கச் சொல்லுவேன். அவர் தலையைப் பாதி திருப்பிச் சிரிப்பார். சமயத்தில் பதிலுக்கு நீட்டி முழக்குவார். பிறகு அது போய்விட்டது. நான் பேசுவேன், அவர் முதுகு அப்படியே இருக்கும். வீட்டில் எதைக் கேட்டாலும் "ம்ம்." ஒரு சனிக்கிழமை, "நாளைக்கு எங்கம்மாவப் பார்க்கப் போகலாமா?" என்று கேட்டேன். "ம்ம்" என்றார். மறுநாள் காலையில் நான் பிள்ளைகளுக்குச் சடை பின்னி, புதுச் சட்டை போட்டு நிறுத்தினால், ஓவர்டைமுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். "நேத்து சரின்னீங்களே" என்றதும் திருதிருவென்று விழித்தார். நான் உள்ளே போய் அழுதேன்.

அதற்குப் பிறகு வண்டியில் பேசுவதை நிறுத்திவிட்டேன். பத்து வருஷமானால் ஆண்களுக்குச் சலித்துப்போகும் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். காப்பார் சாலை முழுக்கச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு போனேன்.

கிராணியின் வீடு சாலையிலிருந்து ஒரு மண்பாதையில் இருந்தது. வெள்ளையடித்த பலகை வீடு. பக்கத்தில் தகரக் கூரை போட்டு, அதன் கீழே கார். மேலே பழைய படுக்கை விரிப்பு போர்த்தியிருந்தது. வெள்ளைச் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு, தடித்த கண்ணாடி போட்ட உயரமான மனிதர் வெளியே வந்தார்.

"வாங்க தம்பி, வாம்மா. கோப்பி குடிச்சிட்டுப் பார்க்குறீங்களா, பார்த்துட்டுக் குடிக்கிறீங்களா?"

"பார்த்துடுறோங்க ஐயா" என்றார் இவர்.

கிராணி விரிப்பை எடுத்து மடித்தார். பால் நிறத்துக் கார். பன்னிரண்டு வருஷம் ஓடியது என்று சொன்னால்தான் தெரியும். "ஏன் விக்கிறீங்க?" என்று நான் கேட்டேன். "கண்ணும்மா. இனிமே ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நிறுத்தி வச்சு என்ன செய்யறது? வண்டி ஓடணும்."

என் வீட்டுக்காரர் கொண்டுவந்த பையைத் திறந்தார். டார்ச், பழைய துணி, நீளமான திருப்புளி, கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தம். முதலில் காரைச் சுற்றி வந்தார். பிறகு முன்பக்கம் குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டுத் தகடு நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். காந்தத்தைத் தகட்டின் மேல் நகர்த்திக்கொண்டே போனார். இடது பின்சக்கரத்துக்கு மேலே அது பிடிக்காமல் கையோடு வந்துவிட்டது.

"இங்க தகடு இல்ல. பொட்டி மாவு வச்சுப் பூசியிருக்கு" என்றார் என்னிடம்.

கிராணி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "எஸ்டேட் டிராக்டர் உரசிடுச்சு தம்பி. நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

"பரவாயில்லைங்க ஐயா. சின்ன இடம்தான்."

பிறகு பின்னால் சாமான் வைக்கும் பெட்டியைத் திறந்து, அடியில் இருந்த விரிப்பைத் தூக்கினார். ஓர் ஐந்து காசு அளவுக்குத் துரு. திருப்புளியால் குத்திப் பார்த்தார், உள்ளே போகவில்லை. முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சீட்டு நகரும் இரும்பைத் தடவி விரலை என்னிடம் காட்டினார். "சேறு இல்ல பாரு. வெள்ளத்துல நின்ன கார்னா இந்த இடத்துல காட்டிக்கொடுத்துடும்." எண்ணெய்க் கம்பியை உருவித் துணியில் துடைத்தார். "இது பால் கலந்த தேத்தண்ணி மாதிரி இருந்தா நாம அப்படியே திரும்பிப் போயிடணும். கறுப்பா இருக்கு. நல்லது." ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டு முகர்ந்தார். சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார்.

ஒவ்வொன்றையும் என்னிடம் காட்டிக் காட்டிச் சொன்னார். அத்தனை மாதத்தில் என்னிடம் பேசாததை எல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் பேசினார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு காருக்காக இவ்வளவு பேச முடிகிறதே என்று வலிக்கவும் செய்தது.

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். தாராளமாக இருந்தது. கண்ணாடியை இறக்கி ஏற்றினேன். வெளியே வந்து, முன்பக்கம் ஓரமாக நின்றுகொண்டேன்.

கிராணி ஏறி காரை ஸ்டார்ட் செய்தார். உடனே பிடித்துக்கொண்டது. அவர் இறங்கி வந்து, திறந்திருந்த பானெட்டுக்குள் குனிந்தார். எனக்குச் சத்தம் கேட்டது. டிக் டிக் டிக் என்று, விடாமல். கார் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நான் நினைத்தேன்.

கிராணி தலையைத் தூக்காமலே பேசினார். "இந்தச் சத்தத்தக் கவனிச்சீங்களா தம்பி? ரெண்டு மாசமா வருது. என்னன்னு எனக்குத் தெரியல. மறைச்சு விக்க எனக்கு மனசு வரல. இதுக்காக நீங்க வேண்டாம்னு சொன்னாலும் எனக்கு வருத்தமில்ல."

என் வீட்டுக்காரர் மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு புன்னகையோடு நின்றார். தலையை ஆட்டினார். கிராணி நிமிர்ந்து பதிலுக்காகக் காத்திருந்தார்.

"இஞ்சின் சுத்தமா இருக்குங்க ஐயா" என்றார் இவர். "ஒரு சத்தமும் இல்ல. இவ்வளவு வயசான கார்ல இப்படிப் பார்க்கிறது அபூர்வம்."

கிராணி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஒரு கணம் இது ஏதோ விலை பேசும் தந்திரமோ என்று நினைத்தேன். ஆனால் வாங்க வந்தவன் குற்றம்தானே சொல்வான்? யாராவது இல்லாத பெருமையைச் சொல்வார்களா? அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் தந்திரம் ஒன்றும் இல்லை. மெல்லிய சிரிப்பு, மெதுவான தலையாட்டல். அந்த முகத்தை எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக என் எதிரில் உட்கார்ந்து "ம்ம்" சொன்ன முகம் அது.

தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பது, சின்னவள் கொல்லையில் நின்று "அப்பா, அப்பா" என்று கத்தினாலும் திரும்பாமல் செய்தித்தாள் படிப்பது, என் அம்மா வீட்டுக்குப் போகாமல் போன அந்த ஞாயிறு. எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. இந்த மனிதருக்குக் காது கேட்கவில்லை. நான் பத்து வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, ஒரு கார்க் கொட்டகையில் நின்று அதைக் கண்டுபிடிக்கிறேன்.

கிராணி வாயைத் திறந்தார். அவர் மறுபடியும் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஐயா, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாமா?"

வழக்கமாக விற்பவர் கூடவே ஏறுவார். கிராணி ஏறவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கம்மா. எனக்கு இந்த வெயில் கண்ணுக்கு ஆகாது" என்றார். அவர் போட்டிருந்த கண்ணாடிக்கு உள்ளே ஏதோ ஒரு கனிவு தெரிந்தது.

மண்பாதையைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்து ஓரமாகப் போகும் சாலைக்கு வந்தோம். அவர் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டினார். நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு ஒரே உற்சாகம். "கியர் வெண்ணெய் மாதிரி விழுது பாரு" என்றார். எனக்கோ அந்த டிக் டிக் மட்டும்தான் காதில் விழுந்தது. எப்படிச் சொல்வது? "சத்தம் கேட்குதே" என்றால், அவர் "ஆமா, கேட்குது" என்று ஒரு பொய் சொல்வார். அவரைப் பொய் சொல்ல வைக்க எனக்கு விருப்பமில்லை.

என் கையை அவர் தொடை மேல் வைத்து, ஒரு விரலால் அந்தச் சத்தத்தோடு கூடவே தட்டினேன். டிக், டிக், டிக்.

"என்ன?" என்றார், சிரித்துக்கொண்டே.

நான் தட்டிக்கொண்டே இருந்தேன். அவர் காலால் எண்ணெய் மிதியை அழுத்தினார். சத்தம் வேகமானது, என் விரலும் வேகமானது. காலைத் தூக்கினார், சத்தம் அடங்கி மெதுவானது, விரலும் மெதுவானது. இரண்டாவது முறையும் அதையே செய்து பார்த்தார். சிரிப்பு அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. காரைப் புல் ஓரத்தில் ஏற்றி நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

"எங்க இருந்து வருது?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"முன்னால இருந்து. ஸ்டார்ட் பண்ணதுலேருந்து வருதுங்க."

"அவரு சொன்னாரா?"

"சொன்னாரு."

"எப்ப?"

"பானெட்டுக்குள்ள குனிஞ்சுக்கிட்டு இருந்தப்ப. அவரு முகம் உங்களுக்குத் தெரியல இல்ல."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒரு சத்தமும் இல்லன்னீங்க."

அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்தேன். எவ்வளவு நாளாக, ஏன் சொல்லவில்லை என்றெல்லாம் கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. முதலில் அவர் வந்த வேலையை முடிக்கட்டும் என்று இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, வேலையில் இருக்கும்போது வருகிற குரலில் கேட்டார். "எப்படிப்பட்ட சத்தம்? தையல் மிஷின் வெறுமனே ஓடுற மாதிரியா, உலக்கையில இடிக்கிற மாதிரியா?"

யோசித்தேன். "தையல் மிஷின்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. லேசா, கிண்ணு கிண்ணுன்னு."

"உலக்கைன்னா அடியில பேரிங் போச்சுன்னு அர்த்தம். இஞ்சினையே பிரிக்கணும், இந்தக் காரை நாம தொடக்கூடாது. தையல் மிஷின்னா மேல வால்வைத் தட்டுற டாப்பெட்டு. இடைவெளியச் சரிபண்ணா அடங்கிடும், ஒரு மணி நேர வேலை." இறங்கினார். "வா. நீதான் கேட்டுச் சொல்லணும்."

பானெட்டைத் திறந்தார். நான் குனியப்போனதும் தடுத்து, "ஃபேன் சுத்துது" என்று என் பின்னலை எடுத்து, ரவிக்கையின் முதுகுப் பக்கம் செருகிவிட்டார். புடவைத் தலைப்பை இழுத்து என் இடுப்பில் செருகினார். பிறகு அந்த நீளத் திருப்புளியின் நுனியை இஞ்சினின் மேல்மூடியில் வைத்து, பிடியை என் காதோரம் நீட்டினார்.

பிடியில் காதை வைத்ததும் திடுக்கிட்டேன். சத்தம் தலைக்குள்ளேயே அடித்தது.

"பலமா?"

"ரொம்பப் பலமா."

நுனியைக் கீழே இறக்கி இஞ்சினின் பக்கவாட்டில் வைத்தார். "இப்ப?"

"குறைஞ்சிடுச்சு."

இன்னும் கீழே. "இப்ப?"

"எங்கேயோ தூரத்துல கேட்குற மாதிரி இருக்கு."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. இருந்தாலும் விடவில்லை. கையில் துணியைத் தடியாகச் சுற்றிக்கொண்டு, பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒன்றைக் கழற்றும்போதெல்லாம் இஞ்சின் குலுங்கியது. பேரிங் கோளாறாக இருந்தால், அந்த வயரைக் கழற்றியதும் சத்தம் மாறுமாம். "மாறுதா?" "மாறல." "இதுக்கு?" "மாறல." நாலு வயருக்கும் அதே பதில். ஒவ்வொரு முறையும் என் உதட்டையே உற்றுப் பார்த்தார். என் வாழ்க்கையில் யாரும் என் சொல்லை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

திரும்பிப் போகும்போது மூன்றாவது கியரிலேயே வைத்து எண்ணெயை நன்றாக அழுத்தினார். "கனமா ஏதாவது இடிச்சா எனக்கே தெரியும்" என்றார். "கனத்த சத்தம் இன்னும் கேட்குது. ஆம்பளைங்க பேசுறது முக்கால்வாசி விழுது. மெல்லிசு சத்தம்தான் போயிடுச்சு. சின்னவ கூப்பிடறது..." சாலையைப் பார்த்து ஓட்டினார்.

கிராணி கோப்பி கலந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிரே நின்றார்.

"ஐயா, எனக்குக் காது சரியில்ல. நீங்க சொன்னது எனக்கு விழல. தெரியாம ஏதேதோ பேசிட்டேன். இவங்கதான் கேட்டுச் சொன்னாங்க. டாப்பெட்டு சத்தம்தான் அது. பெரிய வேலை இல்ல."

தன் காதைப் பற்றி அவர் வாயைத் திறந்து வெளி ஆள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

கிராணி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "உட்காருங்க தம்பி" என்றார், அவர் முகத்துக்கு நேராக, சத்தமாக. "நான் வீட்டுல ஒரு வருஷம் சொல்லல, கண்ணு தெரியலன்னு. அந்தப் பின்பக்கத்து அடி இருக்கே, அது டிராக்டர் இல்ல. கோயில் கேட்டுத் தூணு. பட்டப்பகல்ல, வெள்ளையடிச்ச தூணு. எனக்குத் தெரியல. பிள்ளைங்ககிட்ட டிராக்டர்னு சொன்னேன். உங்ககிட்டயும் அதையேதான் சொன்னேன்."

மூன்று பேரும் சிரித்தோம். கோப்பி ஆறிப்போயிருந்தது, அப்படியே குடித்தோம். "ஒரு வாரம் டைம் கொடுங்க ஐயா" என்று கேட்டுக்கொண்டு கிளம்பினோம்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து எதுவும் பேச முடியாது என்று இப்போது தெரிந்துவிட்டது. காப்பார் சாலையில் தேங்காய்ப்பால் ஐஸ் விற்கும் ஒரு சென்டோல் கடை வந்ததும் அவர் முதுகைத் தட்டி நிறுத்தச் சொன்னேன். மரத்தடியில் போட்டிருந்த மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"ரெண்டு வருஷம் இருக்கும். முதல்ல ஒரு ரீங்காரம் மட்டும் இருந்துச்சு. வேலை முடிஞ்சு வந்தா போயிடும். அப்புறம் போகல."

"காதுல அடைக்கப் பஞ்சு கொடுத்தாங்கன்னு சொன்னீங்களே?"

"கொடுத்தாங்க. வச்சா மிஷின் சத்தம் மாறுறது தெரியாது. நான் சத்தத்த வச்சுத்தானே வேலை செய்வேன்." ஐஸ் கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "சொன்னா மிஷின்லேருந்து எடுத்து, வாசல் கேட்டுல காவலுக்கு உட்கார வச்சுடுவாங்க. ஓவர்டைம் போயிடும்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

கரண்டியால் ஐஸைக் குத்திக்கொண்டே சொன்னார். "ஒண்ண நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தா யாருக்கும் சலிப்பு வரும். உனக்கு வந்துடுமோன்னு நினைச்சேன்."

"எனக்கா?" என் குரல் ஏறிவிட்டது. சென்டோல்காரர் திரும்பிப் பார்த்தார். "நீங்கதான் என்கூடப் பேசச் சலிச்சுட்டீங்கன்னு நான் ரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் அதை எதிர்பார்க்கவே இல்லை. வாய் பாதி திறந்தபடி என்னைப் பார்த்தார். "உன்கூடவா?" என்றார். பாசாரில் வாங்கிய காய்கறிப் பைகளோடு ஜனங்கள் போய்வந்துகொண்டிருந்த அந்தச் சாலையோரத்தில், மேசைக்கு மேலே என் கையை எடுத்து வைத்துக்கொண்டார். வெளியில் அப்படிச் செய்கிற மனிதரே இல்லை அவர்.

பிறகு நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "கார் சரி. நீங்க ஓட்டலாமா?"

"ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஓட்டலாம்னு சொன்னா ஓட்டுறேன். வேண்டாம்னு சொன்னா நீ ஓட்டு."

"நானா? எனக்கு சைக்கிளே வராது."

"இன்னைக்கு ஒரு இஞ்சினையே பார்த்துச் சொல்லிட்ட. ஸ்டியரிங் பிடிக்கிறதா பெரிசு?"

அந்த வாரமே லீவு எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு சின்ன அறையில் அவரை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை வெகு நேரம் தூக்காமலே இருப்பார்; தூக்குங்களேன் என்று நான் இந்தப் பக்கம் முணுமுணுப்பேன். பிறகு சட்டென்று தூக்குவார். மெல்லிய சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டன, வலது காது ரொம்ப மோசம், இடது கொஞ்சம் பரவாயில்லை என்றார் டாக்டர். மிஷின் அவருக்கு வலப்பக்கம் இருந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடிகளைப் பார்த்துக் கவனமாக ஓட்டலாம், தடையில்லை.

டாக்டர் கொடுத்த கடிதத்தை அவரே கொண்டுபோய்த் தொழிற்சாலையில் கொடுத்தார். கேட்டில் உட்கார வைக்கவில்லை. சாமான் ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஓவர்டைம் குறைந்தது உண்மைதான். நாங்கள் சமாளித்துக்கொண்டோம்.

மறு வாரம் காப்பாருக்குப் போனபோது காரின் மேல் அந்தப் படுக்கை விரிப்பு போர்த்தியே இருந்தது. இடையில் வேறு இரண்டு பேர் வந்து கேட்டார்களாம். "சொல் கொடுத்தாச்சுன்னு அனுப்பிட்டேன்" என்றார் கிராணி. விலையிலும் கறாராக இல்லை. சாவியைக் கொடுக்கும்போது, காரின் கூரையை இரண்டு முறை தட்டினார், பிள்ளையின் முதுகில் தட்டுவது போல.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டு வாசலில் வைத்து டாப்பெட்டைச் சரிசெய்தோம். சரிசெய்தோம் என்று நானும் சேர்த்தே சொல்லலாம். அவர் மெல்லிய இரும்புத் தகடுகளை விட்டு இடைவெளி பார்த்துத் திருகுவார். மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்வார். நான் திருப்புளியில் காதை வைத்து, "இன்னும் இருக்கு" என்பேன். மறுபடியும் திறப்பார். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்னம்மா, டாக்டரம்மா மாதிரி குழாய் வச்சுப் பார்க்குற?" என்று கேட்டார். மூன்றாவது தடவை ஸ்டார்ட் செய்தபோது அந்த டிக் டிக் இல்லை. "அடங்கிடுச்சு" என்றேன். "நிச்சயமா?" என்றார். பெரியவளும் வந்து காதை வைத்து, "இல்லப்பா, ஒண்ணுமே இல்ல" என்று அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னாள். அப்பாவிடம் முகத்தைக் காட்டிப் பேசவேண்டும் என்று இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அந்தக் கார் எங்களிடம் ஒன்பது வருஷம் இருந்தது. துருதான் கடைசியில் ஜெயித்தது. தரைத் தகடு ஓட்டை விழுந்து, மழையில் கால் நனைய ஆரம்பித்த பிறகுதான் கொடுத்தோம். இஞ்சின் கடைசி வரை ஒரு குறையும் வைக்கவில்லை.

அவருக்கு மத்தியான ஷிப்ட் இருக்கும் நாட்களில் என்னைக் காலையில் பிரிக்பீல்ட்ஸ் வரை கொண்டுபோய் விடுவார். காரில் நான் அவருக்கு இடப்பக்கம். நல்ல காது என் பக்கம். ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் நான் சொல்வதில் பெரும்பாலும் அவருக்கு விழுந்துவிடும். விழாததைச் சிக்னலில் நிற்கும்போது திரும்பி, என் வாயைப் பார்த்துக் கேட்டுக்கொள்வார். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த அலுவலகக் கதைகள் என்னிடம் நிறைய இருந்தன. பெடரல் நெடுஞ்சாலையில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் எனக்குக் கவலையாக இருந்ததில்லை.

முதல் தடவை தவறி, இரண்டாவது தடவையில் நானும் லைசென்ஸ் எடுத்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. நான் ஓட்டினால் அவர் இடப்பக்கம் உட்காருவார். கெட்ட காது என் பக்கம் வந்துவிடும். நான் என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்காது. அதனால் பேச விஷயம் இருக்கும் நாட்களில் அவர்தான் ஓட்டுவார். ஏதாவது தப்புச் செய்துவிட்டு, நான் பிடித்துக்கொள்வேன் என்று தெரிந்தால், சாவியை எடுத்து என் கையில் கொடுத்து, "இன்னைக்கு நீ ஓட்டு லா, எனக்கு அசதியா இருக்கு" என்பார். நான் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் திட்டிக்கொண்டே ஓட்டுவேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போகிற வருகிற கார்களைப் பார்த்து நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டே வருவார். பின்சீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.